எடுத்த புத்தகமும் எழுதிய கையேடும்

‘ஹிட்டன் ஃபிகர்ஸ்’ படத்தை மாணவிகளோடு பார்க்கும்போதெல்லாம் கைதட்டல் எழும் இடம் ஒன்று உண்டு. டோரத்தி வான் தன் மகன்களை அழைத்துக்கொண்டு நகர நூலகத்துக்குப் போகிறார். ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியைக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்று அவருக்கு வேண்டும். கறுப்பினத்தவருக்கான பகுதியில் அது இல்லை, வெள்ளையர் பகுதியில் இருக்கிறது. அங்கே போய் நின்றதற்காகக் காவலாளி அவர்களை வெளியேற்றுகிறார். பேருந்தில் உட்கார்ந்த பிறகு டோரத்தி அந்தப் புத்தகத்தை வெளியே எடுக்கிறார். மகன் திகைக்கிறான். நானும் வரி கட்டுகிறவள்தான், இதில் திருட்டு எங்கே வந்தது என்ற பொருளில் அவனுக்குப் பதில் வருகிறது. ஆக்டேவியா ஸ்பென்சர் அதைச் சொல்லும் விதத்தில் மிடுக்கும் இருக்கிறது, பல காலத்து அலுப்பும் இருக்கிறது.

எனக்கும் பிடித்த காட்சிதான். ஆனால் படத்தை மூன்றாவது முறை பார்த்தபோது நான் வேறொரு புத்தகத்தைத் தேட ஆரம்பித்தேன். டோரத்தி எடுத்த புத்தகம் திரையில் இருக்கிறது. அவர் எழுதியது எங்கே? மேசைக் கணக்கீட்டு இயந்திரங்களின் காலத்தில், வீரா ஹக்கல், சாரா புல்லக் என்ற இரண்டு வெள்ளைப் பெண்களோடு சேர்ந்து, அந்த இயந்திரங்களில் இயற்கணிதக் கணக்குகளைச் செய்வதற்கான கையேடு ஒன்றைத் தொகுப்பதில் டோரத்தி பங்கெடுத்தார். நாசாவே வெளியிட்டிருக்கும் அவரது வாழ்க்கைக் குறிப்பில் இந்தச் செய்தி இருக்கிறது. 127 நிமிடப் படத்தில் அதற்கு இடமில்லை.

உண்மைக் கதையைப் படமாக்கினால் ஒவ்வொரு தேதியும் சரியாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் கட்சியைச் சேர்ந்தவள் அல்ல நான். இரண்டு மணி நேரத்தில் முப்பது வருடங்களைச் சொல்ல வேண்டுமென்றால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். என் கவலை எதை விட்டார்கள் என்பதில்தான். மார்கோ லீ ஷெட்டர்லியின் நூலும், அதைத் தழுவித் தியடோர் மெல்ஃபி இயக்கிய படமும் 2016-இல் வெளிவந்தன. நூலில் கணிதம் என்பது ஒரு கூட்டம் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, சரிபார்த்து, பிழைதிருத்தி நடத்திய வேலை. படத்தில் அது மூன்று மேதைகளின் சாகசமாகிவிடுகிறது. கற்றுக்கொள்ளும் பெண்ணைத் திரைக்குப் பிடிக்கிறது. கற்றுக்கொடுக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் டோரத்தி, கேத்தரின் ஜான்சன், மேரி ஜாக்சன் மூவருமே ஆசிரியைகளாக இருந்தவர்கள். அன்றைய அமெரிக்கத் தெற்கில் கணிதம் படித்த கறுப்பினப் பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு அநேகமாக அது ஒன்றுதான். டோரத்தி வர்ஜீனியா மாநிலத்து ஃபார்ம்வில்லில், ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. ஆண்டுச் சம்பளம் 850 டாலர். அது போதாமல் 1943-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு ராணுவ முகாமின் சலவைக் கூடத்தில், மணிக்கு 40 சென்ட் கூலிக்கு, கொதிக்கும் அறையில் சிப்பாய்களின் துணிகளோடு வேலை செய்தார். அதே ஆண்டு இறுதியில் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் 2000 டாலர் சம்பளத்தில் சேர்ந்தார். பதவியின் பெயர் ‘கம்ப்யூட்டர்’. அன்று அந்தச் சொல் இயந்திரத்தைக் குறிக்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. லாங்லியில் 1935-லிருந்தே வெள்ளைப் பெண்களைக் கொண்ட கணக்கீட்டுக் குழு இருந்தது. போர் வந்து ஆள் தட்டுப்பாடு ஏற்பட்டதும், அரசு வேலைகளிலும் போர்த் தளவாட ஆலைகளிலும் இனப்பாகுபாடு கூடாது என்று 1941-இல் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையும் சேர்ந்துதான் கறுப்பினப் பெண்களுக்கு வழி திறந்தது. அவர்களைத் தனியாக மேற்குப் பகுதியில் உட்கார வைத்தார்கள்.

அந்த அறையில் நடந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படம் சொல்லாமல் விட்டது அங்கேதான் இருக்கிறது.

மேசைக்கு மேசை, தட்டச்சுப் பொறியைவிடப் பருமனான ஒரு கணக்கீட்டு இயந்திரம். மன்ரோ, மார்ச்சன்ட், ஃபிரைடன் என்று பல நிறுவனங்கள் அவற்றைச் செய்தன. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். பொறியாளர் கொடுப்பதோ பத்து எழுத்தும் நான்கு வர்க்கமூலமும் கொண்ட சமன்பாடு. அந்தச் சமன்பாட்டை இந்த இயந்திரத்துக்குத் தெரிந்த நான்கு வினைகளாக உடைக்க வேண்டும். ஒரு பெரிய தாளில் கட்டங்கள் போட்டு, முதல் கட்டத்தில் கொடுத்த எண், இரண்டாவதில் அதன் வர்க்கம், மூன்றாவதில் ஒன்றையும் இரண்டையும் பெருக்கிய விடை என்று ஒவ்வொரு அடியையும் தனித்தனிப் பத்தியாக்க வேண்டும். இப்போது நாம் எக்செல்லில் செய்வதை இவர்கள் பென்சிலால் செய்தார்கள். எந்த வரிசையில் உடைத்தால் பிழை குறையும், எந்த இடைவிடையை எழுதிவைக்க வேண்டும், எதை இயந்திரத்திலேயே விட்டுவிடலாம் என்பதெல்லாம் தெரிந்தவர்தான் நல்ல கம்ப்யூட்டர்.

என் வகுப்பில் நான் போடும் ஓர் எளிய உதாரணம். x³ + 2x² + 3x + 4 என்ற கோவையின் மதிப்பு x = 1.7 ஆகும்போது என்ன? பள்ளியில் பழகியபடி ஒவ்வொரு உறுப்பாகப் போனால் நான்கு பெருக்கல், அதற்கு நடுவே தாளில் எழுதிவைக்க வேண்டிய எண்கள் வேறு. அதையே ((x + 2)x + 3)x + 4 என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். 3.7-ஐ 1.7-ஆல் பெருக்க 6.29. மூன்றைக் கூட்ட 9.29. மறுபடி 1.7-ஆல் பெருக்க 15.793. நான்கைக் கூட்ட 19.793. இரண்டே பெருக்கல், நடுவில் ஒன்றையும் எழுதி வைக்க வேண்டியதில்லை. தாளில் எழுதி மறுபடி விசையில் அடிக்கும் ஒவ்வொரு எண்ணும் தவறு நுழையும் ஒரு வாசல். இயற்கணிதம் இங்கே விரலுக்கும் விசைக்கும் நடுவிலான ஏற்பாடாகிவிடுகிறது. கணக்கீட்டு இயந்திரத்துக்கான இயற்கணிதக் கையேடு என்றால் அதன் உலகம் இதுதான். இயந்திரத்தையும் தெரிந்திருக்க வேண்டும், கணிதத்தையும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதாக, அதன் முன் உட்காரப்போகும் புதிய பெண் எந்த இடத்தில் தடுமாறுவாள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது அறிவு வகுப்பறையில் நின்றவருக்கே வாய்க்கும். மோட்டன் பள்ளியின் கணித ஆசிரியை அந்த வேலையில் இருந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

லாங்லிக்கு வெளியிலும் இதே கதை உண்டு. 1938-இல் நியூயார்க்கில், பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களுக்கான அரசுத் திட்டத்தின் கீழ், கணித அட்டவணைகள் தயாரிக்கும் கூடம் ஒன்று தொடங்கியது. அதன் கணிதப் பணிகளை வழிநடத்தியவர் கெர்ட்ரூட் பிளாஞ்ச். வேலைக்கு வந்தவர்களில் பலருக்குக் கூட்டல் கழித்தலைத் தாண்டி எதுவும் நிச்சயமில்லை. நேர்மறை எண்ணைக் கறுப்பிலும் எதிர்மறை எண்ணைச் சிவப்பிலும் எழுத வைத்து, கறுப்போடு சிவப்பைச் சேர்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுவரில் விதிகளை ஒட்டிவைத்து, பெரிய சார்புகளின் மதிப்புகளை அவர்களைக் கொண்டே கணக்கிட வைத்தார்கள். மதிய உணவு நேரத்தில் விருப்பப்பட்டவர்களுக்குக் கணித வகுப்பும் நடந்தது. மிகச் சாதாரணமான அந்தச் சிவப்பு பென்சிலும் ஒரு தொழில்நுட்பம்தான். அதைக் கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்வதில்லை.

இனி படத்துக்கு வருவோம். கேத்தரினாக நடித்த தராஜி ஹென்சன், ஆளுயரத்துக்கும் மேலான கரும்பலகை முன் ஏணியில் நின்று சாக்கட்டியால் எழுதுகிறார். கீழே ஆண்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். விண்கலத்தின் பாதை நீள்வட்டத்திலிருந்து பரவளையத்துக்கு மாறும் இடத்தில் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கும்போது, அவருக்குத் திடீரென ஆய்லர் முறை நினைவுக்கு வருகிறது. பழைய புத்தகத்தைத் தேடி ஓடுகிறார், இசை எழுகிறது. கணிதம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் லேசாகச் சிரிப்பு வரும். ஒரு சிறிய அடி எடுத்து வை, புதிய மதிப்பைக் கணக்கிடு, அங்கிருந்து அடுத்த அடி எடுத்து வை என்பதுதான் ஆய்லர் முறை. பத்தி பத்தியாகத் தாளை நிரப்பும் பெண்களின் அன்றாட வேலைக்கு இதைவிட நெருக்கமான முறை கிடையாது. அந்த அன்றாடத்தைப் படம் மின்னலாக்கிக் காட்டுகிறது.

ஜான் கிளென் விண்வெளிக்குப் புறப்படும் காட்சியும் அப்படியே. ஐபிஎம் இயந்திரம் கொடுத்த எண்களை அந்தப் பெண்ணைக் கொண்டு சரிபார்க்கச் சொல்லுங்கள் என்று கிளென் கேட்டது வரலாறு. புறப்படும் நாளன்று, ராக்கெட் காத்திருக்க, கேத்தரின் சில நிமிடங்களில் போட்டு முடித்து ஓடிப்போய்க் கொடுப்பதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அதற்கு ஒன்றரை நாள் ஆனது. அதே சமன்பாடுகளை, அதே எண்களை, தன் மேசைக் கணக்கீட்டு இயந்திரத்தில் ஒவ்வொரு படியாக அவர் ஓட்டிப் பார்த்தார். எனக்கு அந்த ஒன்றரை நாள்தான் வீரமாகத் தெரிகிறது. வேகம்தான் கணிதத் திறமை என்று நம் பெண் பிள்ளைகளைப் பள்ளியிலேயே நம்பவைத்து, மெதுவாக யோசிப்பவளை ‘கணக்கு வராதவள்’ ஆக்கிவிடுகிறோம். இயந்திரத்தை நம்பாமல் ஒன்றரை நாள் உட்கார்ந்து பார்த்த பெண்ணின் கதை அவர்களுக்கு எவ்வளவு உதவியிருக்கும்!

கழிப்பறைப் பலகைக் காட்சியைப் பற்றி ஏற்கெனவே பலரும் எழுதிவிட்டார்கள். கெவின் காஸ்ட்னர் நடித்த மேலதிகாரி, கறுப்பினப் பெண்களுக்கான கழிப்பறை என்ற பலகையை அடித்து உடைக்கும் காட்சி கற்பனை, அந்தப் பாத்திரமே பலரைக் கலந்து செய்தது. எனக்கு உறுத்துவது வேறு. லாங்லியின் உணவுக்கூடத்தில் கறுப்பினப் பெண்கள் உட்கார வேண்டிய மேசையில் ஓர் அட்டை வைக்கப்பட்டிருந்தது. மிரியம் மான் என்ற கம்ப்யூட்டர் அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். புது அட்டை வந்தது. அதையும் எடுத்தார். மறுபடி வந்தது, மறுபடி எடுத்தார். கடைசியில் அட்டை வருவது நின்றது. இப்படி ஒரு கைப்பை கையில் இருக்க, படம் ஒரு வெள்ளைக்காரரின் கைக்கு ஆயுதத்தைக் கொடுத்திருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் டோரத்தியின் கதையில்தான் செய்யப்பட்டிருக்கிறது. படம் 1961-62-இல் நடக்கிறது. அதில் டோரத்தி மேற்பார்வையாளரின் வேலையைச் செய்கிறார், ஆனால் அந்தப் பதவி அவருக்குத் தரப்படவில்லை. ஐபிஎம் வருகிறது. அவர் கற்கிறார், தன் குழுப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார் (இதைப் படம் காட்டவில்லை என்று சொன்னால் அநியாயம், ஆனால் சொல்லிக்கொடுப்பது சட்டென்று முடிந்து, தாழ்வாரத்தில் அவர்கள் அணிவகுத்துப் போவதுதான் மனதில் நிற்கிறது). இறுதியில் பதவி கிடைக்கிறது. இயந்திரத்தைக் கற்றாள், உயர்ந்தாள்.

வரலாறு கிட்டத்தட்ட இதற்குத் தலைகீழ். டோரத்தி 1949-லேயே மேற்குக் கணக்கீட்டுப் பிரிவின் தலைமைக்கு வந்துவிட்டார். கிட்டத்தட்டப் பத்து வருடங்கள் அந்தப் பிரிவை நடத்தினார். 1958-இல் அந்த நிறுவனம் நாசாவாக மாறியபோது இனவாரியான பிரிவுகள் கலைக்கப்பட்டன. கலைக்கப்பட வேண்டியவைதான். ஆனால் பிரிவு போனபோது அதன் தலைமையும் போனது. கறுப்பர் வெள்ளையர், ஆண் பெண் எல்லோரும் இருந்த புதிய கணினிப் பிரிவில் டோரத்தி சேர்ந்தார். ஃபோர்ட்ரானில் தேர்ந்தார், அவரோடு இருந்த பெண்களும் நிரல் எழுதக் கற்றார்கள். மறுபடி ஒரு மேலாண்மைப் பதவிக்கு அவர் முயன்றார். 1971-இல் ஓய்வுபெறும்வரை அது கிடைக்கவில்லை.

இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ‘தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள், உயர்வாய்’ என்பது படத்தின் முடிவு. தொழில்நுட்பத்தைக் கற்ற பெண்ணுக்கு வேலை நிலைத்தது, அதிகாரம் போனது என்பது வாழ்க்கையின் முடிவு. இரண்டாவதைச் சொல்லியிருந்தால் படம் பார்த்து வெளியே வரும் மாணவி கேட்க வேண்டிய கேள்வி வேறாக இருந்திருக்கும். இயந்திரம் வந்தபின் யார் யாருக்குத் தலைமை தாங்கினார்கள், கையேடு எழுதியவளின் அறிவு எந்தப் பதவியாக மாறியது என்று கேட்டிருப்பாள்.

இன்னொன்றையும் படம் விட்டுவிட்டது. டோரத்தி கற்பித்த மோட்டன் பள்ளி என்ன ஆனது? 180 பேருக்கென 1939-இல் கட்டிய அந்தக் கட்டடத்தில் 1950 வாக்கில் 450-க்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்துப் படித்தார்கள். மிஞ்சியவர்களுக்குத் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகள். 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி தலைமையில் பிள்ளைகள் வகுப்பைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். அவர்களுடைய வழக்கும் சேர்ந்துதான் 1954-இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வந்தது. அதற்குப் பணிய மறுத்த பிரின்ஸ் எட்வர்ட் மாவட்ட நிர்வாகம், 1959-இல் தன் பொதுப் பள்ளிகள் எல்லாவற்றையும் இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி உருவானது. கறுப்பினப் பிள்ளைகள் 1964 வரை, ஐந்து வருடம், பொதுப் பள்ளியில்லாமல் இருந்தார்கள். அதாவது, திரையில் டோரத்தி ஐபிஎம் இயந்திரத்தை உயிர்ப்பிக்கும் அந்த 1961-இல், அதே வர்ஜீனியாவில், அவர் முன்பு கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டிய பள்ளி பூட்டிக் கிடந்தது. மனிதனைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பக் கணக்குத் தெரிந்த மாநிலத்தில் பத்து வயதுப் பெண்ணுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லித்தர ஆளில்லை. இந்தப் பூட்டு ஒரே ஒரு காட்சியில் வந்திருந்தாலும் ஃபோர்ட்ரான் புத்தகத்தின் எடை கூடியிருக்கும்.

இவ்வளவு தூரத்துக் கதையைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கலாம். நான் பணிபுரியும் பெண்கள் கல்லூரியில் மார்ச் 8-ஐ ஒட்டித் திரையிடும் படங்களில் இது அடிக்கடி இடம்பெறுகிறது. முடிந்ததும் யாராவது மேடையேறி, நீங்களும் கோடிங் கற்றுக்கொள்ளுங்கள் என்று பேசுவார்கள். நல்ல அறிவுரைதான். கணிதம் படிக்கத் தொழில்நுட்பம் பெண்களுக்குக் கொடுத்திருப்பதை நான் குறைத்துப் பேசமாட்டேன். வகுப்பில் வாய் திறக்காத மாணவி, யாரும் சிரிக்காத தனிமையில், ஒரு காணொளியைப் பத்து முறை பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறாள். பள்ளிக் கணிதப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பகுதியும் விரைவுக் குறியீடும் இருக்கின்றன. ஜியோஜீப்ராவில் புள்ளியை விரலால் இழுக்கும்போது முக்கோணம் மாறி, கோணங்களின் கூடுதல் மட்டும் மாறாமல் நிற்பதைக் கண்ட பிள்ளைக்கு அந்தத் தேற்றம் இனி மனப்பாடப் பகுதி இல்லை.

ஆனால் பல செயலிகள் தவறான விடைக்குச் சிவப்புக் கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகின்றன. எந்தப் பத்தியில் தவறினாள் என்பது அவற்றுக்குத் தெரியாது. லாங்லியின் பென்சில் தாளுக்கு அது தெரியும். ஏழாவது பத்தியில் குறி மாறிவிட்டது என்று பக்கத்து மேசைப் பெண் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. ஒரு கற்றல் கருவியை நான் இப்போது இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். என் மாணவி நின்றுபோன வரியை இன்னொருத்தி பார்க்க முடிகிறதா?

அப்படிப் பார்க்க முடிந்த கருவிகளை 2020-இல் பள்ளிகள் மூடிய மாதங்களில் நம் ஆசிரியைகள் தாங்களாகவே செய்துகொண்டார்கள். அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கும் என் தோழி, ஒவ்வொரு கணக்கையும் வெள்ளைத் தாளில் வரி வரியாக எழுதி, வரிகளுக்கு எண் போட்டு, படம் பிடித்து, ஒவ்வொரு வரிக்கும் அரை நிமிடக் குரல் பதிவோடு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினாள். பிள்ளைகள் ‘மிஸ், நாலாவது வரி புரியல’ என்று பதில் அனுப்பினார்கள். நான்காவது வரிக்கு மட்டும் மறுபடி ஒரு பதிவு போகும். இதைச் செய்யும்படி எந்தச் சுற்றறிக்கையும் அவளுக்கு வரவில்லை, இதற்கென ஒரு பயிற்சியும் கிடையாது. செய்ததற்குப் பெயரும் கிடையாது. மாலை முழுவதும் குழு அமைதியாக இருக்கும். கேள்விகள் ஒன்பதரை மணிக்கு மேல்தான் வர ஆரம்பிக்கும். அப்போதுதான் அப்பாவோ அண்ணனோ கைபேசியோடு வீடு திரும்பியிருப்பார்கள்.